சுக்கான் பிடிக்கிறவர் ‘ஓகே லா’ சொல்லக்கூடாது

கப்பல்ல பேசுற பாஷையைக் கரையில உக்காந்து கத்துக்கொடுக்கிற வேலை இருக்கே, அது மெத்தையில படுத்துக்கிட்டு நீச்சல் கத்துக்கொடுக்கிற மாதிரி: கையும் காலும் ஆடும், தண்ணி மட்டும் இருக்காது.

பக்கத்து சீட்ல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் கால் தேய்ஞ்ச டிரைவிங் ஸ்கூல் அண்ணன்மாருங்களே, டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டின அக்காமாருங்களே, உங்ககிட்டதான் இதைச் சொல்லி அழணும். வேற யாருக்குச் சொன்னாலும் சிரிப்பாங்க. நான் கலா. முன்ன எண்ணெய்க் கப்பல்ல அதிகாரியா வேலை பார்த்தவ. இப்ப கிள்ளான்ல ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில சனிக்கிழமை வகுப்பு நடத்துறேன். துறைமுகப் படகுல வேலை செய்யிறவங்க, சொந்தமா படகு வாங்கிட்டு லைசன்ஸுக்கு அலையிறவங்க, இவங்கதான் என் மாணவர்கள். பரீட்சையில வர்ற வார்த்தை எல்லாம் இங்கிலீஷ். அதைத் தமிழ்ல உடைச்சு மண்டையில ஏத்துறது என் பொறுப்பு. எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். பாடம் நடத்துறதுல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல, அதை நீங்க ஒத்துக்குங்க.

வகுப்புல நிறையப் பேர் இருந்தாலும் நான் சொல்லப்போறது ரெண்டு பேரைப் பத்தி. ஒருத்தரு ஹமீது பாய். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல துணிக்கடை முதலாளி, அறுபதைத் தாண்டினவரு, மீன் பிடிக்க ஆசைப்பட்டு ஒரு படகு வாங்கிட்டாரு. இன்னொருத்தரு மாணிக்கம் அண்ணே. சுங்கை வேயில வீடு, டக் போட்ல வேலை. பெரிய கப்பலை முட்டித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் துறைமுகத்துல சேர்க்கிற சின்னப் படகுதான் டக் போட். அதுல கயிறு வீசியே காலத்தை ஓட்டினவருக்கு இப்ப முழங்கால் மக்கர் பண்ணுது. கம்பெனி சொல்லிடுச்சு, சுக்கான் பிடிக்கிற பரீட்சையில பாஸ் பண்ணினா படகுலயே இருக்கலாம், இல்லைன்னா கரையில ஸ்டோர் ரூம் வேலை. ஏற்கெனவே ரெண்டு தடவை போயி ரெண்டு தடவையும் ஃபெயில். மூணாவது தடவைதான் கடைசி. முதல் நாள் வந்து பேரு சொல்றதுக்கு முன்னாலயே அவர் சொன்னது இது: “மிஸ், என்னை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சாங்கன்னா நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டே நான் செத்துடுவேன்.”

இடதும் வலதும் இல்லாத இடம்

முதல் பாடம் எப்பவும் இதுதான். படகுல இடது வலது கிடையாது. முன்பக்கம் பார்த்து நின்னா இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். போர்ட்டுக்குச் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்ட்டுக்குப் பச்சை. நீங்க முதுகைத் திருப்பிப் பின்னால பார்த்து நின்னாலும் போர்ட் இடம் மாறாது. அது உங்க கையோட பக்கம் இல்ல, படகோட பக்கம். எதிரும் புதிருமா நிக்கிற ரெண்டு பேரு ஆபத்து நேரத்துல ‘என் இடதா, உன் இடதா’ன்னு பட்டிமன்றம் நடத்தக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு.

ஹமீது பாய் நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு. “அடடா, இது எங்க கடைக்கு வேணுமேம்மா!”ன்னாரு. மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கிற பொம்பளைங்க ‘லெஃப்ட்ல இருக்கிறதை எடு’ன்னு சொன்னா, இந்தப் பக்கம் நிக்கிற கடையாளு தன்னோட லெஃப்ட்ல இருக்கிறதை எடுத்து விரிப்பானாம். தினம் சண்டையாம்.

மறுவாரமே அலமாரிக்கு ஒரு பக்கம் சிவப்பு ரிப்பன், ஒரு பக்கம் பச்சை ரிப்பன் கட்டிட்டாரு மனுஷன். கடையாளுங்க அத்தனை பேருக்கும் பாடம் வேற நடத்தியிருக்காரு. கல்யாணச் சேலை எடுக்க சுங்கை பூலோவுல இருந்து வந்த ஒரு அக்கா அந்த மாம்பழக் கலரைக் காட்டுங்கன்னு கேட்டிருக்காங்க. உடனே ஒருத்தன், “போர்ட் சைடு, மூணாவது தட்டு!”ன்னு உள்ள பார்த்துக் கத்த, இன்னொருத்தன், “ஸ்டார்போர்ட்ல சரிகை வெச்சது இருக்கு!”ன்னு பதிலுக்குக் கத்தியிருக்கான். அந்த அக்கா கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹமீது பாயைப் பார்த்துக் கேட்டாங்களாம்: “பாஸ், நான் பட்டுச் சேலை எடுக்க வந்தேனா, இல்ல கப்பல் ஏற வந்தேனா?”

தொங்கின படகு

படகுல கயிறு கட்டுறதுக்கும் ஒழுங்கு உண்டு. முன்பக்கத்துல இருந்து கரைக்குப் போறது ஹெட் லைன், பின்பக்கத்துல இருந்து போறது ஸ்டெர்ன் லைன், படகு முன்னயும் பின்னயும் நழுவாம குறுக்கால இழுத்துக் கட்டுறது ஸ்பிரிங். இதையெல்லாம் விட முக்கியமான வார்த்தை ‘ஸ்லாக்’, கயித்துல விடுற தளர்ச்சி. கிள்ளான் பக்கம் தண்ணி ஏறினா ஒரு ஆள் உயரத்துக்கு மேல ஏறும், இறங்கினா அதே கணக்குக்கு இறங்கும். தண்ணி இறங்குறப்ப படகும் கூடவே இறங்கணும், அதுக்குக் கயிறு இடம் கொடுக்கணும். கரும்பலகையில படம் போட்டுச் சொன்னேன். ஹமீது பாய் தலையை ஆட்டினாரு.

அந்த ஞாயித்துக்கிழமையே படகைக் கொண்டுபோய் ஜெட்டியில, அதான் படகு கட்டுற மேடையில, கட்டியிருக்காரு. துணி மூட்டை கட்டுற கை இல்லையா, இம்மி அசையாம இறுக்கிக் கட்டிட்டு நிம்மதியா நண்டு சாப்பிடப் போயிட்டாரு. அப்ப தண்ணி நல்லா ஏறி இருந்துச்சு. சாப்பிட்டுப் பேசிக் கதையடிச்சு வர்றதுக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு. படகு இறங்கல. கயித்துலயே சாய்ஞ்சபடி அந்தரத்துல தொங்குது. உள்ள இருந்த தூண்டில், ஐஸ் பெட்டி, வீட்டம்மா கொடுத்து விட்ட பிளாஸ்க் எல்லாம் சேத்துல. எனக்குப் போன் போட்டு, “டீச்சரம்மா, படகு மேல நிக்குது, தண்ணி கீழ நிக்குது, இப்ப நான் எதைக் கூப்பிடணும்?”னு கேட்டாரு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

கயித்தை அவுத்தா படகு விழும், அவுக்கலைன்னா கயிறு அறும். தண்ணி திரும்ப ஏறுற வரைக்கும் பாய் ஜெட்டியிலயே குந்தியிருந்தாரு. அங்க வலை தைச்சுக்கிட்டு இருந்த ஒரு சீனத்து அங்கிள், நம்ம தமிழ் நல்லாப் பேசுவாரு, ரொம்ப நேரம் படகையே அண்ணாந்து பார்த்துட்டு அமைதியாச் சொன்னாராம்: “பாஸ், மீன் காயப்போடுற இடம் அந்தப் பக்கம்லா.”

முங்குறப்ப நலம் விசாரிப்பு

ஆபத்துல ரேடியோவுல கூப்பிடுறதுக்கு ஒரு வரிசை இருக்கு. ‘மேடே’ன்னு மூணு தடவை. அப்புறம் படகு பேரு, எங்க இருக்கோம், என்ன ஆபத்து, எத்தனை பேரு. முடிஞ்சா ‘ஓவர்’, அதாவது நான் பேசிட்டேன், நீ பேசு. இதுல ஒரு வார்த்தை கூடக் கூடாது. பேட்டரி எப்ப சாகும்னு யாருக்குத் தெரியும்?

வகுப்புல விளையாட்டு வாக்கி டாக்கி ரெண்டு வெச்சிருக்கேன். நான் மாடிப்படியில நின்னுக்கிட்டு கரையில இருக்கிற அதிகாரி. ஹமீது பாய் உள்ள முங்குற படகு. ஆரம்பிங்க பாய்னேன். கரகரன்னு சத்தம், அப்புறம் குரல்: “அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஹமீது பேசுறேன். நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா? வீட்டுல எல்லாரும் சுகமா? உங்களை இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்.” நான் பதில் சொல்லாம நின்னேன். அவரும் பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னாரு. நான் சுகம்னு சொல்ற வரைக்கும் மனுஷன் விஷயத்துக்கு வர மாட்டேன்கிறாரு! கடைசியில பொறுக்க முடியாம, “சுகம்தான், சொல்லுங்க”ன்னேன். “ஒண்ணுமில்ல, படகு கொஞ்சம் முங்கிக்கிட்டு இருக்கு”ன்னாரு.

ஓடி உள்ள வந்து பிடிச்சேன் பாருங்க ஒரு சத்தம். பாய், நீங்க சாப்பிட்டாச்சான்னு கேக்குறதுக்குள்ள மீனு உங்களைச் சாப்பிட்டு முடிச்சிருக்கும்னேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரிச்சுது. அவர் மட்டும் சிரிக்கல. நிஜமாவே மனசு வருத்தப்பட்டுக் கேட்டாரு: “ஏம்மா, உதவி கேக்கப் போற இடத்துல எடுத்த எடுப்புலயே உதவி கேட்டா, நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

இங்க மணி, அங்க ஊமை

இப்ப மாணிக்கம் அண்ணே கதைக்கு வரேன். சுக்கான் பிடிக்கிறவருக்கு ஒரே ஒரு விதி உயிர். கேப்டன் ‘போர்ட் டென்’னு சொன்னா, சுக்கானை இடது பக்கம் பத்து டிகிரி திருப்பணும்னு அர்த்தம். ஆனா திருப்புறதுக்கு முன்னால அதே வார்த்தையை அவருக்குக் கேக்குற மாதிரி சத்தமாத் திரும்பச் சொல்லணும்: ‘போர்ட் டென், சார்.’ அப்புறம் திருப்பணும். திருப்பி முடிச்சதும் ‘வீல் இஸ் போர்ட் டென், சார்’னு இன்னொரு தடவை சொல்லணும். ‘மிட்ஷிப்ஸ்’னா சுக்கானை நடுவுக்குக் கொண்டு வா, ‘ஸ்டெடி’ன்னா இதே திசையில பிடி. எல்லாத்தையும் திரும்பச் சொல்லணும். ‘யெஸ்’ கிடையாது, ‘ஓகே’ கிடையாது, ‘ஓகே லா’ கிடையவே கிடையாது. கேப்டன் முன்னால கடலைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு. இஞ்சின் சத்தத்துல தான் சொன்னது எப்படிப் போய் விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரிய வேற வழியே இல்ல.

பழைய லோரி ஸ்டீரிங் ஒண்ணை ஸ்டூல்ல பூட்டி வெச்சிருக்கேன். நான் கேப்டனா நின்னு உத்தரவு போட்டா, மாணிக்கம் அண்ணே கணீர்கணீர்னு திரும்பச் சொல்லுவாரு. ஒரு பிசிறு இருக்காது. எனக்கே சந்தேகம் வந்து, எதுலதான் ஃபெயில் பண்ணினாங்கன்னு கேட்டேன். ரெண்டு தடவையும் ஒரே காரணம் சொன்னாங்களாம்: ஓட்டுறது அருமை, ஆனா உத்தரவைத் திரும்பச் சொல்லல. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. ஏண்ணே, இங்க மணி மாதிரி சொல்றீங்க, அங்க போனா மட்டும் என்ன ஊமையான்னு கேட்டுட்டேன். அவர் ஸ்டீரிங்கைத் தடவிக்கிட்டே சொன்னாரு: “நீங்க சொன்னா வாய் வருது மிஸ், அங்க போனா நாக்கு உள்ள போய்ப் படுத்துக்குது.”

கேப்டன் ஹமீது பாய்

ஒரு வேளை நான் பொம்பளை கேப்டன்கிறதால வாய் வருதோ என்னமோன்னு நினைச்சு, அடுத்த வாரம் ஹமீது பாயைக் கேப்டனா நிறுத்தினேன். அவருக்கு உத்தரவு போடச் சொல்லியா கொடுக்கணும்? தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, ஜன்னலைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நின்னு, “போர்ட் டென்!”ன்னாரு பாருங்க, கீழ்க்கடையில ரொட்டி போடுறவரே திரும்பியிருப்பாரு. பின்னால மாணிக்கம் அண்ணே ஸ்டீரிங்கைச் சரியாத் திருப்பினாரு. தலையைப் பணிவா ஆட்டினாரு. சத்தம் இல்ல. பாய் முதுகுல கண்ணா இருக்கு? “போர்ட் டென்!” மறுபடியும் தலையாட்டல். மூணாவது தடவை பாய் திரும்பி, “காதுல விழுதா இல்லையாப்பா?”ன்னாரு. இவர் கும்பிடாத குறையா ஒரு சிரிப்பு. வாயைத் திறங்கண்ணேன்னு நான் கத்தினதும், “போர்ட் டென்...”னு முனகினாரு.

அடுத்து நடந்ததுதான் எனக்குக் கண்ணைத் திறந்துச்சு. ஹமீது பாய் முகம் சிவந்து, “என்னப்பா, நான் சொன்னதையே எனக்குச் சொல்லிக் காட்டுறியா?”ன்னு கேட்டுட்டாரு. விதி தெரிஞ்ச மனுஷன், வகுப்புல உக்காந்து கேட்டவரு, இருந்தாலும் வாயில வந்துடுச்சு. மாணிக்கம் அண்ணே என்னைப் பார்த்தாரு, பாத்தீங்களான்னு கேக்குற மாதிரி. அப்புறம்தான் வாய் திறந்து உண்மையைச் சொன்னாரு. சீனக் கேப்டன், மலாய்க் கேப்டன்னா அவருக்குப் பிரச்சினையே இல்லையாம். ஆனா அந்தப் பரீட்சைக்கு ரெண்டு தடவையும் வந்தவரு நம்ம ஆளு. தலை பூரா வெள்ளை, நெத்தியில திருநீறு. கோயில்ல பார்த்தா கால்ல விழுற வயசு. “மிஸ், அப்பா வயசுக்காரரு சொன்னதை அவர் மூஞ்சிக்கு நேரா நானும் சொன்னா அது பழிப்புக் காட்டுறதுங்க, எங்க வீட்டுல அதுக்குச் சூடு வைப்பாங்க.”

கீழ்க்கடையில ஒரு பாடம்

எனக்கு அன்னிக்குப் பாடம் நடத்த மனசே வரல. விதியை நூறு தடவை விளக்கலாம், வளர்ப்பை எப்படி விளக்கி மாத்துறது? பயமாவும் இருந்துச்சு. பரீட்சைக்கு அடுத்த வாரம்தான் நாள். அந்த மனுஷனை ஸ்டோர் ரூம்ல நினைச்சுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல. வாங்கண்ணே டீ குடிக்கலாம்னு கீழ கூட்டிட்டுப் போனேன்.

கல்லாவுல வெள்ளைத் தாடி வெச்ச முதலாளி. வர்றவங்க கேக்குறதை அவர்தான் அங்க இருந்தே குரல் கொடுப்பாரு. “தே தாரிக் ரெண்டு, ஒண்ணு சீனி கம்மி!”ன்னாரு எங்களுக்காக. அந்தக் கோடியில டீ ஆத்துற பயலுக்கு அவரோட பேரன் வயசு இருக்கும். தலையைக்கூடத் தூக்காம இழுத்துப் பாடினான்: “தே தாரிக் ரெண்டேய்... ஒண்ணு சீனி கம்மியேய்!” அடுத்தது, “கோப்பி ஓ ஒண்ணு, கட்டு!” அதாவது பால் விடாத காப்பி, தாப்பாவ், பொட்டலம். “கோப்பி ஓ ஒண்ணேய்... கட்டேய்!” முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கல. ஒரு தடவை பதில் குரல் வரல. உடனே கல்லாவுல இருந்து எழுந்து நின்னுட்டாரு பெரியவரு, “எங்கடா பதிலு, செத்துட்டியா?”ன்னு.

சொல்லணும்னு வாயைத் திறந்தேன், ஆனா மாணிக்கம் அண்ணே டீயைத் தொடாம அந்த ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. பேரன் வயசுப் பயல் பெரியவர் சொன்னதை அப்படியே திருப்பிப் பாடுறான், யாரும் சூடு வைக்கல, பாடலைன்னாதான் திட்டு விழுது. டீ மேல ஆடை கட்டிப்போச்சு. அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினாரு. “அப்ப அந்தக் கேப்டன் டீ ஆர்டர் பண்றாரு, அவ்வளவுதானே மிஸ்?”

மூணாவது தடவை

பரீட்சை ஒரு சின்ன லாஞ்சுல, துறைமுகத்துக்கு வெளியில கப்பல் போற தடம் விரியிற இடத்துல. பாடம் சொல்லிக் கொடுத்தவங்க பின்னால உக்காரலாம், மூச்சு விடலாம், பேசக்கூடாது. அதே கேப்டன்தான் வந்தாரு. வெள்ளை முடி, திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை. நான் கும்பிட்டேன். மாணிக்கம் அண்ணே முகத்துல ரத்தமே இல்ல.

“போர்ட் ஃபைவ்,”ன்னாரு கேப்டன். ஒரு நொடி ஒண்ணுமில்ல. போச்சுடான்னு கண்ணை மூடிக்கிட்டேன். அப்ப சுக்கான்கிட்ட இருந்து வந்துச்சு பாருங்க, அசல் கீழ்க்கடை ராகம்: “போர்ட் ஃபைவேய்... சார்ர்!” லாஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்தாரு. கேப்டன் புருவம் ஏறிச்சு. ஆனா ராகத்துக்கு மார்க் குறைக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அதுக்கப்புறம் அண்ணே தடதடன்னு போனாரு. மிட்ஷிப்ஸேய், ஸ்டெடியேய், ஸ்டார்போர்ட் டென்னேய். எனக்கு எழுந்து ஆடணும்போல இருந்துச்சு.

திரும்பி வர்றப்ப வலது பக்கத்துல இருந்து ஒரு மீன்பிடிப் படகு எங்க முன்னால குறுக்க வந்துச்சு. வலதுல இருந்து வர்றவங்களுக்கு நாமதான் வழி விடணும். வலது பக்கம் திரும்பி, அந்தப் படகோட பின்பக்கமாப் போகணும், அதாவது ஸ்டார்போர்ட். கேப்டன் கையும் வலது பக்கம்தான் நீண்டுச்சு. ஆனா வாயில இருந்து, “போர்ட் டென்!”னு வந்துடுச்சு. சோர்வோ, வெயிலோ, வயசோ, யாருக்கும் நடக்கும். எனக்குக் கத்தணும்போல இருந்துச்சு, கத்தக்கூடாது. மாணிக்கம் அண்ணே எத்தனையோ வருஷமா தண்ணியில இருக்கிறவரு, எந்தப் பக்கம் திருப்பணும்னு அவருக்குத் தெரியும். பெரியவர் மனசை அறிஞ்சு, கை காட்டின பக்கம் பேசாம திருப்பிட்டா எல்லாம் நல்லபடியா முடியும், பெரியவர் தப்பும் வெளிய தெரியாது. நம்ம வளர்ப்பு அதைத்தான் செய்யச் சொல்லும். செஞ்சா மூணாவது தடவையும் ஃபெயில். அண்ணே சுக்கானை அசைக்காமப் பிடிச்சாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, இந்தத் தடவை ராகம் எதுவும் இல்லாம, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாரு: “போர்ட் டென், சார்.”

ஜெட்டியில

அந்த வார்த்தை காதுல விழுந்ததும் கேப்டன் திடுக்குன்னு நிமிர்ந்தாரு. “ஸ்டார்போர்ட்! ஸ்டார்போர்ட் டென்!” “ஸ்டார்போர்ட் டென், சார்!” அப்புறம்தான் சுக்கான் திரும்புச்சு. மீன்பிடிப் படகோட பின்பக்கமா, நல்ல இடைவெளி விட்டுப் போனோம். அதுல இருந்த ஆளு கையைக்கூட ஆட்டினாரு, என்ன நடக்க இருந்துச்சுன்னு அவருக்கு எங்க தெரியும்.

ஜெட்டியில இறங்கினதும் மாணிக்கம் அண்ணே நேரா ஒரு கம்பத்துக்குப் பின்னால போய்த் தரையில உக்காந்துட்டாரு. கிட்டப் போனேன். கண்ணு கலங்கியிருந்துச்சு. பெரிய மனுஷனை, லாஞ்சுக்காரர் முன்னாலயும் ஒரு பொம்பளை முன்னாலயும் அவமானப்படுத்திட்டேன், இனி அவர் எப்படி என்னைப் பாஸ் பண்ணுவாருன்னு புலம்பினாரு. கையைப் பார்த்துத் திருப்பியிருக்கலாமே, ஏன் வாய் திறந்தேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்குக் கோபம், பெருமை, அழுகை மூணும் ஒண்ணா வந்துச்சு. நீங்க செஞ்சதுதாண்ணே சரின்னு சொல்லிக்கிட்டு இருக்கிறப்பவே பின்னால செருப்புச் சத்தம்.

கேப்டன் நின்னாரு. அண்ணே பதறி எழுந்தாரு, முழங்கால் ஒத்துழைக்கல, கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாரு. அது வரைக்கும் இங்கிலீஷைத் தவிர வேற எதுவும் பேசாத மனுஷன், அவர் தோள்ல கையை வெச்சுத் தமிழ்ல கேட்டாரு, நான் தப்பாச் சொல்றேன்னு உனக்கு அப்பவே தெரியும்தானேன்னு. அண்ணே தலையை ஆட்டப் போயி, பாதியில நிறுத்தி, “தெரியும், சார்”னு வாய் திறந்து சொன்னாரு. பாஸ்னு கேப்டன் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டு, மறுபடியும் அவர் பக்கம் திரும்பினாரு. “என் தப்பை என் காதுலயே போட்டு, கடைசியில ஒரு ‘சார்’ வேற சேர்த்துக் கொடுத்த ஆளு நீதான்யா, என் வீட்டுக்காரிகூட இவ்வளவு மரியாதையா என்னைத் திருத்தினது கிடையாது.”

ஆக, சக பாவிகளே, நம்ம தொழில் இவ்வளவுதான்: வாயை மூடிக்கிட்டு நல்ல பேர் வாங்கப் பழகினவங்களுக்கு வாயைத் திறந்து நல்ல பேர் வாங்கக் கத்துக்கொடுக்கணும், அதுக்கப்புறம் வகுப்புல யாரும் அமைதியா இருக்க மாட்டேன்கிறாங்கன்னு நாமளே உக்காந்து புலம்பணும்.